கருந்துளை கட்டவிழ்ந்தால்?

விண்வெளியில் ஒரு நிலையம். அதன் நடுக்கூடத்தில் நான்கு பக்கமும் விசைப்புல வேலியிட்டு ஒரு கருந்துளையை அடைத்து வைத்திருக்கிறார்கள். அது உமிழும் ஆற்றலைக் கொண்டுதான் நிலையத்திற்கு மின்சாரம் கிடைக்கிறது. ஒரு நாள் வேலிக்குச் செல்லும் மின்சாரம் நின்றுபோகிறது. கருந்துளை வெளியே வருகிறது. சுவர், மேசை, இயந்திரம், மனிதர் என்று எதிர்ப்பட்டதையெல்லாம் விழுங்குகிறது. விழுங்க விழுங்கப் பருக்கிறது. அறை அறையாக நகர்ந்து வருகிறது. நிலையத்தில் உள்ளவர்கள் தப்பி ஓட வேண்டும்.

இது ‘ஸ்பேஸ் ஸ்டேஷன் 13’ என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் காட்சி. பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டு இது. இதை ஆடும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “உண்மையிலேயே இப்படி நடந்தால் தப்பிக்க முடியுமா?”

விளையாட்டாகக் கேட்டாலும் இது நல்ல கேள்வி. இதற்கு விடை காண்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. பள்ளியில் படித்த நியூட்டனின் ஈர்ப்பு விதி பெரும்பாலும் போதும். அதோடு, இந்தக் கேள்வி ஒரு முறை உலகம் முழுவதும் விளையாட்டாக அல்லாமல், உண்மையான அச்சத்துடன் கேட்கப்பட்டது. அதற்குக் கிடைத்த விடையில் நம் சென்னை மாணவர் ஒருவரின் பங்கும் இருக்கிறது. அதைக் கடைசியில் காண்போம்.

கருந்துளை என்பது என்ன?

ஒரு கல்லை மேலே எறிந்தால் திரும்பி விழுகிறது. விநாடிக்கு 11.2 கி.மீ. வேகத்தில் எறிந்தால் அது திரும்பி வராது. இதையே பூமியின் விடுபடு வேகம் என்கிறோம். பூமியின் நிறையை மாற்றாமல் அதை அழுத்தி அழுத்திச் சிறிதாக்கினால் அதன் பரப்பில் விடுபடு வேகம் கூடிக்கொண்டே போகும். பூமி முழுவதும் ஒரு கோலிக்குண்டு அளவுக்கு, அதாவது 9 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருண்டையாகச் சுருங்கினால், விடுபடு வேகம் ஒளியின் வேகத்தை எட்டிவிடும். அப்போது ஒளிகூட வெளியேற முடியாது. அதுதான் கருந்துளை. சூரியன் கருந்துளையாக வேண்டுமானால் 3 கி.மீ. ஆரத்திற்குள் சுருங்க வேண்டும்.

இப்படிப்பட்ட ‘இருண்ட விண்மீன்’ இருக்கக்கூடும் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மிச்செல் 1783-இலேயே எழுதினார். ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கையைக் கொண்டு இதற்கான சரியான கணக்கை 1916-இல் வெளியிட்டவர் ஜெர்மானியரான கார்ல் ஷ்வார்ஸ்ஷில்டு. ஒளி திரும்பி வர முடியாத அந்த எல்லைக்கு ‘நிகழ்வு எல்லை’ என்று பெயர்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். கிணற்றுத் தண்ணீரை மோட்டார் உறிஞ்சுவது போலக் கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சும் என்று பலர் நினைக்கிறார்கள். கருந்துளைக்குத் தனியாக உறிஞ்சும் சக்தி எதுவும் கிடையாது. அதே நிறையுள்ள வேறு எந்தப் பொருளும் அதே தொலைவில் எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவுதான் அதுவும் இழுக்கும். இன்று இரவு சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை ஒன்றை வைத்துவிட்டால் என்ன ஆகும்? நாம் குளிரில் உறைந்துபோவோம், உலகம் இருண்டுபோகும். ஆனால் பூமி அதற்குள் விழாது. முன்போலவே 365 நாளுக்கு ஒரு முறை அதே பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் கருந்துளையின் தனிச் சிறப்பு என்ன? அது மிகச் சிறியது. ஆகையால் அதன் மையத்திற்கு மிக அருகில் நம்மால் செல்ல முடியும். தொலைவு பாதியானால் இழுப்பு நான்கு மடங்காகும் அல்லவா? ஆபத்து முழுவதும் அந்த ‘அருகில்’ என்ற சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

எவ்வளவு கனமான கருந்துளை?

விண்வெளி நிலையத்தில் அடைத்து வைப்பதற்கு எவ்வளவு நிறையுள்ள கருந்துளையை எடுத்துக்கொள்ளலாம்? ‘கனம் குறைந்ததாக இருந்தால் பத்திரம்’ என்று தோன்றும். உண்மை நேர்மாறானது.

கருந்துளையிலிருந்து மெல்லிய கதிர்வீச்சு வெளிவர வேண்டும் என்று 1974-இல் ஸ்டீபன் ஹாக்கிங் கணக்கிட்டுக் காட்டினார். இக்கதிர்வீச்சை இதுவரை வானத்தில் யாரும் நேரில் கண்டதில்லை. எனினும் இயற்பியலாளர்கள் பெரும்பாலோர் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்கிறார்கள். அதன்படி கருந்துளை சிறிதாக ஆக அதன் வெப்பநிலை ஏறும், கதிர்வீச்சும் பெருகும், அதனால் நிறை இன்னும் குறையும், மேலும் சூடாகும். முடிவில் வெடித்து மறையும்.

பூமியை இப்போது சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் நிறை சுமார் 420 டன். அதே 420 டன் நிறையில் ஒரு கருந்துளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது சில விநாடிகளுக்குள் முழுவதும் கதிர்வீச்சாக மாறிவிடும். மனிதன் வெடித்த குண்டுகளிலேயே மிகப் பெரியது 1961-இல் சோவியத் ரஷ்யா சோதித்த குண்டு. அதைப் போல 1,80,000 குண்டுகளை ஒன்றாக வெடித்ததற்கு இது சமம்! வேலி உறுதியாக இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கக்கூட நேரம் இருக்காது.

எனவே, வெடிக்காமல் நெடுங்காலம் நிலைத்திருக்கும் கனமான கருந்துளை ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். 100 மீட்டர் தொலைவில் நிற்கும் ஒருவரைப் பூமி எவ்வளவு இழுக்கிறதோ, சரியாக அதே அளவு இழுக்கும் கருந்துளை நமக்கு வேண்டும். அதன் நிறை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி டன் என்று கணக்கிடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் எட்டுக் கிலோமீட்டராக உள்ள ஒரு கருங்கல் பாறையை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய அந்தப் பாறையின் நிறை இது. கோபாலபுரத்திலிருந்து நேர்கோட்டில் புறப்பட்டால் அந்த நீளம் கிண்டி ரயில் நிலையத்தையும் தாண்டிப் போகும்.

அவ்வளவு பெரிய பாறையின் நிறை எவ்வளவு இடத்தில் அடங்கியிருக்கும்? அதன் நிகழ்வு எல்லையின் விட்டம் ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தில் ஏறக்குறைய 24-இல் ஒரு பங்குதான்! கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கிக்கும் தெரியாது. அதன் கதிர்வீச்சு ஒரு மிக்சி இழுக்கும் மின்சாரத்தின் அளவு, சில நூறு வாட் இருக்கும். ஆனால் அது வெளிச்சமாக வராது; எக்ஸ் கதிராக வரும். ஆகையால் அதன் பக்கத்தில் நாள்கணக்கில் தங்குவது கூடாது.

விளையாட்டில் வருவது போல இதை வேலியிட்டுக் கட்டி வைக்க முடியுமா? 420 டன் நிலையம் எங்கே, ஒன்றரை லட்சம் கோடி டன் கருந்துளை எங்கே! யானையின் காலில் ஓர் எறும்பைக் கட்டினால் யானையா கட்டுப்படும்? கருந்துளையை நிலையம் கட்டி வைக்காது. நிலையத்தைத்தான் கருந்துளை கட்டி வைக்கும்.

கோபாலபுரத்து அளவுகோல்

தொலைவுகளை எளிதில் உணர்வதற்காகச் சென்னை நகரத்தின் வரைபடத்தையே நம் விண்வெளி நிலையத்தின் வரைபடமாக வைத்துக்கொள்வோம். பூமியின் ஈர்ப்பு இங்கே இல்லை. எல்லாம் வெட்டவெளியில் மிதக்கின்றன. நான் குடியிருக்கும் கோபாலபுரத்து விளையாட்டு மைதானத்தின் நடுவில் நமது கருந்துளை கட்டவிழ்ந்து நிற்கிறது. பூமியில் 60 கிலோ எடையுள்ள ஒருவரை அது எப்படி இழுக்கும் என்று பார்ப்போம்.

மையத்திலிருந்து 100 மீட்டரில் 60 கிலோ எடை கொண்டு இழுக்கும். ஏறக்குறைய 1 கி.மீ. தொலைவில் உள்ள ஜெமினி மேம்பாலத்தருகே இழுப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். அதாவது 600 கிராம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் சுமார் 2.2 கி.மீ. தொலைவில் உள்ளது, அங்கே 124 கிராம். மெரினா மணலில், 3 கி.மீ. தொலைவு என்று கொண்டால், 67 கிராம்தான். ஒரு கோழிமுட்டையின் எடையைவிடச் சற்றுக் கூடுதல்! 20 கி.மீ. தள்ளித் தாம்பரத்தில் இருப்பவருக்கு ஒன்றரை கிராம்.

பாறைமலை ஒன்றின் நிறை முழுவதும் ஒரு புள்ளியில் நிற்கிறது. ஆனாலும் கடற்கரையில் உள்ளவரை அது முட்டையின் எடை அளவுக்குத்தான் இழுக்கிறது. விளையாட்டில் வரும் கருந்துளை அடுத்த அறைச் சுவரைப் பெயர்த்து இழுக்கிறது. அப்படி நடக்கலாம். ஆனால் அடுத்த தெருவுக்கு அந்த வலிமை எட்டாது.

எனினும், ‘67 கிராம்தானே’ என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. இங்கே காலூன்ற நிலம் இல்லை. இழுப்பு சிறிதாயினும் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். மெரினாத் தொலைவில் அசையாமல் மிதக்கும் ஒருவர் முதலில் மெதுவாக நகர்ந்து, பின்னர் வேகம் கூடி, பத்து நிமிடத்திற்குள் மையத்தை அடைந்துவிடுவார். ஜெமினித் தொலைவில் இருப்பவருக்கு இரண்டு நிமிட அவகாசம்கூட இல்லை. ஆக, ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வது?

தப்பிக்க மூன்று விதிகள்

முதல் விதி: பின்னால் தாவாதீர்கள், பக்கவாட்டில் செல்லுங்கள்.

ஆபத்தைக் கண்டால் அதற்கு எதிர்த்திசையில் ஓடத்தான் மனம் சொல்லும். ஜெமினித் தொலைவில் நிற்கும் நீங்கள் சுவரை உதைத்துக் கொண்டு, விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நேர் எதிர்த்திசையில் தாவுவதாகக் கொள்வோம். மனிதன் தன் காலால் உந்தக்கூடிய வேகம் ஏறக்குறைய இவ்வளவுதான். 48 மீட்டர் விலகிப் போவீர்கள். ஒரு நிமிடத்தில் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்து, அதற்குப் பின் மையத்தை நோக்கி விழுவீர்கள். மேலே எறிந்த கல்லின் கதிதான்.

அதற்குப் பதிலாக, உங்களிடம் உள்ள சிறு வாயு உந்தியைக் கொண்டு பக்கவாட்டில், விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லுங்கள். மணிக்கு 36 கி.மீ.; நகரப் பேருந்தின் வேகம். நீங்கள் விழவே மாட்டீர்கள். பூமியை நிலா சுற்றுவது போல அந்தக் கருந்துளையை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒரு சுற்றுக்குப் பத்தரை நிமிடம் ஆகும். உதவி வரும் வரை அப்படியே காத்திருக்கலாம். அவ்வளவு வேகம் கிடைக்கவில்லையா? விநாடிக்கு 4.2 மீட்டர், அதாவது சைக்கிள் வேகம் கிடைத்தால்கூட, நீள்வட்டப் பாதையில் சென்று, மையத்திற்கு 100 மீட்டர் வரை நெருங்கி, மீண்டும் பழைய தொலைவுக்கே திரும்பிவிடுவீர்கள்.

முற்றிலும் விடுபட்டுப் போக வேண்டுமானால் அத்தொலைவில் விநாடிக்கு 14 மீட்டர் வேகம் போதும். மணிக்கு 50 கி.மீ.; ஒரு ஆட்டோரிக்‌ஷாவின் வேகம்! கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்ப முடியாது என்பது நிகழ்வு எல்லைக்கு உள்ளே உள்ள சட்டம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஆட்டோவே தப்பிவிடும்.

இரண்டாம் விதி: ஓதத்தைக் கவனியுங்கள்.

இந்த நெடிய பாதையில் கீழே இறங்கி வரும்போது, 100 மீட்டரில் உங்கள் உடலுக்கு என்ன நேரும்? தடையின்றி விழுபவருக்கு எடை தெரியாது என்பது நீங்கள் படித்ததே. ஆனால் கால் பக்கம் கருந்துளைக்குச் சற்று அருகிலும், தலை சற்றுத் தொலைவிலும் இருப்பதால் இரண்டின் மீதும் உள்ள இழுப்பில் வேறுபாடு உண்டு. மெரினாவில் கடல் ஏறுவதும் இறங்குவதும் இதே காரணத்தால்தான்: பூமியின் ஒரு பக்கம் நிலாவுக்கு அருகில் இருக்கிறது, மறுபக்கம் தொலைவில் இருக்கிறது. ஆகவே இந்த வேறுபாட்டை ஓத விசை என்கிறோம்.

100 மீட்டரில் இந்த வேறுபாடு பூமியின் ஈர்ப்பில் நூற்றில் மூன்று அல்லது நான்கு பங்குதான். மெல்ல நீட்டி விட்டாற்போல இருக்கும். 10 மீட்டரில் அதே வேறுபாடு பூமியின் ஈர்ப்பைப் போல 34 மடங்கு! உடல் தாங்காது. தொலைவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் இழுப்பு நூறு மடங்காகும். ஓதமோ ஆயிரம் மடங்காகும். ஆகையால் கருந்துளை ஒருவரைக் கொல்வது ‘விழுங்கி’ அல்ல. விழுங்குவதற்கு வெகு முன்பே நூலாக இழுத்துவிடும். நமது கருந்துளைக்கு 100 மீட்டர் என்பதை எல்லைக்கோடாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் விதி: அதற்குத் தீனி போடாதீர்கள்.

விளையாட்டில் சிலர் பொருள்களை அதன்மேல் எறிந்து பார்ப்பார்கள். இதைவிடப் பெரிய அபாயம் இல்லை. கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் பொருள் உராய்ந்து, சூடேறி, ஒளிரும். ஒரு கிலோகிராம் பொருள் அப்படிச் சுழன்று விழுந்தால், அதன் நிறையில் நூற்றில் ஆறு பங்காவது ஆற்றலாக வெளிவரக்கூடும். அந்த ஆறு பங்கு என்பது ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போன்ற சுமார் 80 குண்டுகளுக்குச் சமம். வானத்தில் மிகப் பிரகாசமான பொருள்களாகிய குவேசார்கள் இப்படித்தான் ஒளிர்கின்றன. பசித்திருக்கும் கருந்துளையின் பக்கத்தில் இருக்கலாம். உண்ணும் கருந்துளையின் பக்கத்தில் இருக்கலாகாது.

துரத்துமா? பெருக்குமா?

விளையாட்டில் கருந்துளை தானாகவே அங்குமிங்கும் திரிகிறது. இயற்கையில் அப்படி நடக்காது. கருந்துளையும் நியூட்டனின் முதல் விதிக்குக் கட்டுப்பட்டதே. வெளி விசை ஒன்று திருப்பாதவரை அது நேர்கோட்டில், ஒரே வேகத்தில் செல்லும். அதற்குக் கண்ணும் இல்லை. நம்மைத் துரத்தும் நோக்கமும் இல்லை.

சில நிமிடங்களில் அது பல மடங்கு பருத்துவிடும் என்பதும் நடவாது. உண்ணும்போது அது வீசும் ஒளியே மேற்கொண்டு வரும் பொருளை வெளியே தள்ளிவிடும். ஒளிக்கும் அழுத்தம் உண்டல்லவா? இந்த வரம்பைக் கண்டு சொன்னவர் ஆங்கில வானியலாளர் ஆர்தர் எடிங்டன். இவ்வரம்புக்கு உட்பட்டு உண்ணும் கருந்துளை தன் நிறையை இரண்டு மடங்காக்கிக்கொள்ள ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகள் ஆகும்.

ஆனால் வெளியில் தனியே ஓடும் கருந்துளைகள் உண்மையிலேயே உண்டு. துணை விண்மீன் ஏதுமின்றி, சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில் தனித்துச் செல்லும் கருந்துளை ஒன்றைப் பற்றிய செய்தி 2022-இல் வெளியாயிற்று. தன் பின்னாலுள்ள விண்மீனின் ஒளியை அது வளைத்ததைக் கொண்டு அதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாகும்போது, புதிதாகப் பிறக்கும் கருந்துளை உதைபட்டு விரைவதும் உண்டு. 2020 ஜனவரி 29 அன்று பதிவான ஈர்ப்பு அலை ஒன்றை ஆராய்ந்தவர்கள், அதில் பிறந்த கருந்துளை விநாடிக்கு ஏறக்குறைய 1,500 கி.மீ. வேகத்தில் உதைக்கப்பட்டிருக்கலாம் என்று 2022-இல் தெரிவித்தார்கள். இவையெல்லாம் நமக்கு எட்டாத் தொலைவில் உள்ளவை. நாம் அறிந்த கருந்துளைகளில் மிக அருகில் உள்ளதாக 2022-இல் அறிவிக்கப்பட்டதன் தொலைவு ஏறக்குறைய 1,560 ஒளியாண்டு. நமக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

2008-இல் வந்த அச்சம்

இனி, முதலில் சொன்ன அந்த உண்மையான அச்சத்திற்கு வருவோம். 2008 செப்டம்பர் 10 அன்று, ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் 27 கி.மீ. சுற்றளவுள்ள மாபெரும் துகள் மோதுகலத்தில் முதன்முதலாகப் புரோட்டான் கற்றையைச் சுற்றவிட்டார்கள். அதில் நுண்ணிய கருந்துளை பிறந்து, கட்டவிழ்ந்து, பூமியையே விழுங்கிவிடும் என்ற பேச்சு அதற்கு முன்பே பரவியிருந்தது. நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் சில, ‘உலகம் அழியுமா?’ என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தன. அந்தப் பயத்தினால் மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாணவி உயிரை இழந்ததாகவும் அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. அறிவியல் செய்தியைக் கணக்கில்லாமல் சொன்னால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கேள்வியை விஞ்ஞானிகள் சிரித்துத் தள்ளிவிடவில்லை. உட்கார்ந்து கணக்கிட்டார்கள். முதல் விடை ஹாக்கிங் கணக்கு: அவ்வளவு நுண்ணிய கருந்துளை பிறந்தாலும் பிறந்த கணமே மறைந்துவிடும். ‘ஹாக்கிங் கணக்கு தவறாக இருந்தால்?’ என்று எதிர்க்கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டாவது விடை காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து வரும் இத்துகள்களில் சில, அந்த இயந்திரத்தில் மோதுபவற்றைவிட மிக அதிக ஆற்றலுடன் பூமியின் காற்று மண்டலத்தில் மோதுகின்றன. ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகளாக இது நடந்து வருகிறது. பூமி இன்னும் இருக்கிறது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. காஸ்மிக் கதிரால் பிறக்கும் கருந்துளை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பூமியை ஊடுருவி மறுபுறம் போய்விடக்கூடும். எதிரெதிராக மோதும் இயந்திரத்தில் பிறப்பதோ மெதுவாக நகர்ந்து பூமிக்குள்ளேயே தங்கிவிடக்கூடும் அல்லவா? அப்படியானால், அத்தகைய வேகமான கருந்துளையையும் தடுத்து நிறுத்தக்கூடிய, மிக அடர்த்தியான ஒரு பொருள் வானத்தில் இருந்தால் அதையே சாட்சிக்கு அழைக்கலாம்.

வெண்குள்ளர்களின் சாட்சியம்

அப்படிப்பட்ட பொருள் உண்டு. எரிபொருள் தீர்ந்தபின் சுருங்கிப்போன விண்மீனாகிய வெண்குள்ளன். சூரியனின் நிறை பூமியின் அளவுக்குள் அடங்கியிருக்கும். அதன் உட்பொருள் ஒரு கன சென்டிமீட்டர், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவு, ஏறக்குறைய ஒரு டன் நிறை உள்ளது. சென்னையில் மாசி மாத மாலைகளில் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் வானத்தில் மிகப் பிரகாசமாகத் தெரியும் சிரியஸ் விண்மீனுக்கு இப்படி ஒரு வெண்குள்ளன் துணையாக உள்ளது. வெறும் கண்ணுக்கு அது தெரியாது.

மோதுகலம் தொடங்கிய அதே 2008-இல் ஸ்டீவன் கிடிங்ஸ், மிக்கேலாஞ்சலோ மாங்கானோ என்னும் இரு இயற்பியலாளர்கள் இந்தக் கணக்கைச் செய்தார்கள். காஸ்மிக் கதிரால் ஒரு வெண்குள்ளனில் நிலையான கருந்துளை பிறந்தால், அந்த அடர்த்தியில் அது நின்றுவிடும். நின்றுவிட்டால் உள்ளிருந்து விண்மீனையே தின்றுவிடும். பூமிக்கு ஆபத்தாகக்கூடிய வகைக் கருந்துளை உண்டானால் கனமான வெண்குள்ளர்கள் நெடுங்காலம் நீடித்திருக்கவே முடியாது. ஆனால் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதான கனத்த வெண்குள்ளர்கள் வானத்தில் அமைதியாக ஆறிக்கொண்டிருக்கின்றன. அவை இருப்பதே நமக்கு அபயம்.

இந்தச் சாட்சியைப் பயன்படுத்த வேண்டுமானால் வெண்குள்ளனின் நிறை, அளவு, அடர்த்தி எல்லாம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டவர் யார்? சற்றுமுன் மெரினா வரை சென்றோமே, அந்தக் கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930 ஜூலையில், பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து கப்பலேறிய அவர் பயண நாள்களிலேயே வெண்குள்ளர்களைப் பற்றிய கணக்கில் ஈடுபட்டார். சூரியனின் நிறையைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் ஒரு வெண்குள்ளன் இருக்க முடியாது என்பது அக்கணக்கின் முடிவு. அதற்கும் கனமான விண்மீன் என்னாகும் என்ற கேள்விதான் பிற்காலத்தில் கருந்துளைக்கு வழிகாட்டிற்று. 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் இம்முடிவை எள்ளி நகையாடியவர் வேறு யாருமல்லர். நாம் மேலே கண்ட அதே எடிங்டன்தான். சந்திரசேகர் தம் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. 1983-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

விண்மீன் எப்படி மடிகிறது என்று அறிவதற்காக 1930-இல் போட்ட கணக்கு, 78 ஆண்டுகள் கழித்து, பூமிக்கு ஆபத்தில்லை என்று சொல்ல உதவியது. இன்றைக்குப் பயனில்லை என்று தோன்றும் கணக்கு நாளை யாருடைய பயத்தைப் போக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

நீங்களே கணக்கிடுங்கள்

இக்கட்டுரையில் உள்ள இழுப்பு, வேகக் கணக்குகளுக்கு இரண்டே சூத்திரங்கள் போதும். தொலைவை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். 98,000-ஐத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்தால் நமது கருந்துளை உண்டாக்கும் முடுக்கம் கிடைக்கும். 98,000-ஐத் தொலைவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வட்டமாகச் சுற்றத் தேவையான வேகம், விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். விடுபடு வேகத்திற்கு அதை 1.414-ஆல் பெருக்குங்கள்.

இப்போது கருந்துளையின் நிறை பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 98,000 என்பது 9,80,000 ஆகும். பூமியின் ஈர்ப்புக்குச் சமமான இழுப்பு எத்தனை மீட்டரில் இருக்கும்? ஜெமினித் தொலைவில் சுற்றுவதற்கு என்ன வேகம் வேண்டும்? முதல் விடை 316 மீட்டர். இரண்டாவது, விநாடிக்கு 31 மீட்டர். உங்கள் விடையும் இதுதானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் ஊரின் வரைபடத்தை எடுத்து, பள்ளியின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். எந்தத் தெருவில் நின்றால் ஆபத்து, எந்தத் தெருவில் நின்றால் சைக்கிளே போதும் என்று வட்டங்கள் வரைந்து பாருங்கள். அடுத்த முறை யாராவது ‘கருந்துளை வருகிறது, உலகம் அழியப் போகிறது’ என்றால் அவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நிறை எவ்வளவு? தொலைவு எவ்வளவு? வேகம் எவ்வளவு?